அக்காவின் இடுப்பில் இருக்கும் குழந்தை

பத்தாம் வகுப்புக் குடிமையியலில் ‘மத்திய அரசு’ பாடத்தை நடத்தும்போது, மக்களவையையும் மாநிலங்களவையையும் கரும்பலகையில் இரண்டு கட்டங்களாக வரைந்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட எனக்கு மனம் வருவதில்லை. தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தில் மலையடிவாரத்தை ஒட்டிய அரசுப் பள்ளி எங்களுடையது. எங்கள் பிள்ளைகளில் பலர் டெல்லியைத் தொலைக்காட்சிச் செய்தியில் மட்டுமே அறிந்தவர்கள். ஆகவே அவை நடவடிக்கைகளின் காணொளி ஒன்றிரண்டைத் தேடி எடுத்து ஹைடெக் லேபில் போட்டுக் காட்டுவது என் வழக்கம். இந்த முறை காட்டியது வேறொரு மாநிலத்தைச் சேர்ந்த பெண் உறுப்பினர் ஒருவர், உறுப்பினர்கள் அவசர விஷயங்களை எழுப்பும் பூஜ்ஜிய நேரத்தில் பேசிய பேச்சு. தம் தொகுதியின் மருத்துவமனையில் பிரசவத்துக்கு வரும் பெண்களின் நிலை, விசாரணை என்ற பெயரில் ஏழைகள் அலைக்கழிக்கப்படுவது, வேலைக்குப் போகும் தாய்மார்களின் குழந்தைகளுக்குக் காப்பகம் இல்லாதது ஆகிய மூன்றையும் அவர் சில நிமிடங்களுக்குள் சொல்லி முடிக்க வேண்டியிருந்தது. நான் வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். மூன்றாவது விஷயத்தின் நடுவில் மணி அடித்தது, ஒலிவாங்கி அணைந்தது, அவைத்தலைவர் அடுத்தவரின் பெயரை அழைத்துவிட்டார்.

முன்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, “சார், அந்த அம்மா கேட்டதுக்கு யார் பதில் சொன்னாங்க?” என்றாள். பூஜ்ஜிய நேரத்தில் எழுப்பப்படும் விஷயத்துக்கு அமைச்சர் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று விளக்கினேன். “அப்ப அவங்க பேசினது எங்க போகும் சார்?” என்று கேட்டாள். அவைக் குறிப்பில் ஏறும், அச்சாகும், பாதுகாக்கப்படும் என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். விதிப்படி என் பதில் சரியானதுதான். ஆனாலும் அந்த இரண்டாவது கேள்வி என்னைவிட்டு நீங்கவில்லை. பேச்சு எங்கே போகும் என்று அவள் கேட்டதையே, அந்தப் பேச்சு எங்கிருந்து வந்திருக்க வேண்டும் என்று திருப்பிக் கேட்டுப் பார்க்க வேண்டியதாயிற்று.

தருமபுரிக்காரர்களுக்கு நாடாளுமன்றம் அந்நியமானது அன்று. மொரப்பூர் ரயில் பாதையைப் பற்றி யார் எந்த ஆண்டு என்ன பேசினார்கள் என்று தேநீர்க் கடையில் தேதியோடு சொல்லக்கூடியவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். காவிரி உபரி நீரை ஏரிகளுக்குக் கொண்டுவருவது, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர், சிப்காட் என்று தேர்தலுக்குத் தேர்தல் வேட்பாளரை நிறுத்திவைத்துக் கேட்கிறோம். 2014-இலும் 2019-இலும் மருத்துவம் படித்தவர்களையே மக்களவைக்கு அனுப்பிய தொகுதி இது. ஆனால் கைக்குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வியை எந்த வேட்பாளரிடமும் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அது வீட்டுக்குள் முடிய வேண்டிய விஷயம், பெண்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியது என்றே எல்லோரும் நினைக்கிறோம். அந்தப் பெண் உறுப்பினர் காப்பகத்தை மருத்துவமனைக்கும் மனித உரிமைக்கும் பக்கத்தில் வைத்துப் பேசியபோது, மூன்று தனித்தனிக் கோரிக்கைகளை அவசரத்தில் ஒன்றாகக் கட்டியிருக்கிறார் என்றுதான் முதலில் கேட்பவருக்குத் தோன்றும். அவர் கட்டியது அவசரத்தில் அன்று, அவை மூன்றும் ஒரே விஷயம் என்பதை எனக்கு உணர்த்தியது ஒரு வீட்டுத் திண்ணை.

பெரியவள் வந்தால் சின்னவனை யார் பார்ப்பது?

எங்கள் பகுதியில் நிலம் இருக்கிறது, மழை நம்பும்படி இல்லை. ராகியும் நிலக்கடலையும் கைக்கு வந்த ஆண்டிலும் அது ஆண்டு முழுவதற்கும் போதாது. ஆகவே குடும்பம் குடும்பமாகப் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறார்கள். ஆண் மேஸ்திரியிடமோ கம்பி கட்டவோ போவான், பெண் சித்தாள். ஞாயிறு இரவுப் பேருந்தில் ஏறினால் திருவிழாவுக்கோ சாவுக்கோதான் திரும்புவார்கள். பிள்ளைகள் பாட்டியிடம் இருப்பார்கள். பள்ளியில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால், வருகைப் பதிவேட்டில் ஒரு பெண்ணின் பெயருக்கு நேராகத் தொடர்ந்து விடுப்பு விழத் தொடங்கினால், காரணம் கேட்காமலேயே ஒரு காரணத்தை ஊகித்துக்கொள்வோம். படிப்பில் நாட்டமில்லை, வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள், பெற்றோருக்கு அக்கறை போதாது என்ற மூன்றில் ஒன்றாக அந்த ஊகம் இருக்கும்.

ஒன்பதாம் வகுப்பில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி பொங்கலுக்குப் பின் வரவில்லை. நானும் உடன் பணிபுரியும் ஆசிரியை ஒருவரும் அவள் வீட்டுக்குப் போனோம். தாயார் ஊருக்கு வந்திருந்த நேரம். திண்ணையில் பாய் விரித்து உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்துவிட்டு எதிரே நின்றுகொண்டார். புதுமைப் பெண் திட்டம், மாதம் 1,000 ரூபாய், இலவசப் பேருந்து, சைக்கிள் என்று நாங்கள் சொல்ல வைத்திருந்தவற்றையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அந்தப் பெண் தம்பியை இடுப்பில் வைத்தபடி கதவோரம் நின்றிருந்தாள். அவனுக்கு ஒரு வயதும் நிரம்பியிராது. பிறகு தாயார் பேசினார்.

“சார், நான் அவளைப் படிக்க வேணாம்னு சொல்லல. கைக்குழந்தைய வெச்சுக்கிட்டு நான் சாரத்துல ஏற முடியுமா? போன வருஷம் நாங்க வேலை செஞ்ச இடத்துல ஒரு குழந்தை தண்ணித் தொட்டியில விழுந்துடுச்சு. அதுல இருந்து இவனை அங்க கூட்டிட்டுப் போக எனக்குத் தைரியம் இல்ல. எங்க அம்மாவுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. பால்வாடில இவ்ளோ சின்னப் புள்ளைய வெச்சுக்க மாட்டேங்கறாங்க. பெரியவ ஸ்கூலுக்கு வந்துட்டா சின்னவனை யார் சார் பார்ப்பாங்க? நீங்களே சொல்லுங்க, நான் அனுப்பிடறேன்.”

உடன் வந்த ஆசிரியை, “உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றாரும்மா?” என்று கேட்டார். “அவரு என்ன டீச்சர் சொல்லுவாரு, மேஸ்திரிகிட்ட முன்பணம் வாங்கியாச்சு, ரெண்டு பேரும் போனாத்தான் கழியும்” என்றார் அந்த அம்மா. அவர் குரலில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. கணக்குச் சொல்வதுபோல் சொன்னார். நாங்கள் கையில் கொண்டுபோன திட்டங்கள் எல்லாம் பெண் பள்ளிக்கு வந்துவிட்ட பிறகு அவளுக்குக் கிடைப்பவை. அவள் வருவதற்கு முன்னால் அந்த வீட்டில் நிரப்பப்பட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அந்த இடத்தைப் பதினான்கு வயதுப் பெண் தன் இடுப்பால் நிரப்பிக்கொண்டிருந்தாள். அதை யாரும் வேலை என்று எண்ணாததால் அவள் குழந்தைத் தொழிலாளியும் இல்லை. பள்ளியில் பெயர் இருப்பதால் உடனே இடைநின்றவளும் இல்லை. அரசின் எந்தப் பட்டியலிலும் அவள் இருக்கும் நிலைக்கு ஒரு வரி கிடையாது.

திரும்பி வரும் வழியில் பழைய வருகைப் பதிவேடுகள் என் நினைவில் புரண்டுகொண்டே இருந்தன. பையன்களின் விடுப்பு அறுவடைக் காலத்தில் வரும், போகும். பெண்களின் விடுப்பு வீட்டில் அடுத்த குழந்தை பிறந்த மாதத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. அதை அந்தக் கண்ணோடு பார்க்காதவரை அது தெரியாது, பார்த்துவிட்டால் பிறகு வேறெதுவும் தெரியாது.

தாயின் வயதும் குழந்தையின் எடையும்

அந்தத் திண்ணையில் தொடங்குவது அங்கே நிற்பதில்லை. பள்ளிக்கு வராத பெண் ஓராண்டு வீட்டில் இருந்தால், ‘சும்மா இருக்கிறாள்’ என்ற பெயர் வந்துவிடும். தாய் தகப்பன் இருவரும் வெளியூரில் இருக்க, வயதுக்கு வந்த பெண்ணைக் கண் தெரியாத பாட்டியின் பொறுப்பில் விட்டுவைப்பதைவிட, அத்தை மகனுக்கோ மாமனுக்கோ கட்டிக்கொடுத்துவிடுவது பாதுகாப்பு என்று பெற்றோர் நினைக்கிறார்கள். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் 12.8 விழுக்காட்டினர் 18 வயது நிறையும் முன்பே மணம் முடிக்கப்பட்டவர்கள். இது மாநிலம் முழுமைக்குமான சராசரி. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் ஆசிரியராகவோ கிராமச் செவிலியராகவோ இருப்பவர்களிடம் இந்தச் சராசரியைக் காட்டினால் இங்கே இதைவிட அதிகம் என்று அவர்கள் மறுத்துத் தலையாட்டுவார்கள்.

பதினேழு வயதில் கர்ப்பமானவளுக்கு உடம்பில் ரத்தம் போதாது. மருத்துவமனைக்குப் போனால் வயதைக் கேட்பார்கள், போலீஸுக்குச் சொல்லிவிடுவார்கள் என்ற பயத்தில் பதிவு செய்வதைத் தள்ளிப்போடும் குடும்பங்கள் உண்டு. சாலை எட்டாத மலைக் கிராமமாக இருந்தால் வலி கண்ட பிறகு டோலி கட்டித்தான் இறக்க வேண்டும். கோட்டூர் மலைக்குத் தேர்தல் நேரத்தில் வாக்கு இயந்திரங்கள் கழுதை முதுகில் ஏறிப் போவதை நாடு முழுவதும் படம் பிடித்துப் போட்டார்கள். வாக்கு எப்படியாவது மேலே போய்ச் சேர்ந்துவிடுகிறது. பிரசவ வலி கண்டவளைக் கீழே கொண்டுவருவதற்கு அதே உறுதி வேண்டும் என்று நாம் கேட்கவில்லை.

2014 நவம்பரில் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சில நாட்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தது பலருக்கும் நினைவிருக்கும். தலைவர்கள் வந்தார்கள், அறிக்கைகள் வந்தன, கருவிகளும் செவிலியர்களும் போதுமா என்ற விவாதம் நடந்தது. எடைக்குறைவாகவும் குறைமாதத்திலும் பிறந்த குழந்தைகள், கடைசி நேரத்தில் வேறு இடங்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் என்று அரசுத் தரப்பில் விளக்கம் சொன்னார்கள். அந்த விளக்கத்தை ஏற்பவரும் மறுப்பவரும் இருக்கலாம். நான் சொல்ல விரும்புவது அதற்கு அடுத்த படியை. எடை ஏன் குறைந்தது என்று கேட்டால் தாயின் வயதும் ரத்தமும் பதிலாக வரும். தாயின் வயது ஏன் அது என்று கேட்டால் அவள் பள்ளியை விட்ட ஆண்டு வரும். அவள் ஏன் பள்ளியை விட்டாள் என்று கேட்டால் அந்தத் திண்ணைக்கு வந்து சேருவோம். குழந்தைப் பராமரிப்பில் தொடங்கி, ஒரு சிறுமியின் உரிமைகள் ஒவ்வொன்றாகக் கழன்று, கடைசியில் மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் போய் நிற்கிறது. டெல்லியில் இது மூன்று அமைச்சகங்களின் மேசைக்குப் பிரிந்து போகும். சுகாதார அமைச்சர் பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ளது என்பார். பெண்கள், குழந்தைகள் நல அமைச்சர் திட்டங்களின் பெயர்களை வாசிப்பார். உரிமை மீறல் என்றால் ஆணையத்தை அணுகலாம் என்ற பதில் வரும். மூன்று பதிலும் தனித்தனியே பிழையற்றவையாக இருக்கும். அந்தப் பெண் அவற்றுள் எதிலும் இருக்க மாட்டாள்.

இந்த மண்ணில் பெண் குழந்தையைப் பற்றி அரசு கவலைப்படவே இல்லை என்று சொல்ல முடியாது. 2001 கணக்கெடுப்பில், கிருஷ்ணகிரி பிரியாத அன்றைய தருமபுரி மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகளே இருந்தார்கள். 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் இங்கும் வந்தது. பெற்றவர்கள் வேண்டாம் என்று விட்டுச் செல்லும் பெண் சிசுவுக்கு மருத்துவமனையில் தொட்டில் வைத்தார்கள், அதனால் உயிர்கள் பிழைத்தன. ஆனால் குழந்தையை வேண்டும் என்று பெற்று, வேலைக்குப் போய்விட்டு மாலையில் வந்து தூக்கிக்கொள்ள விரும்பும் தாய்க்கான தொட்டிலை எங்கள் மலையடிவாரத்துக் கொட்டாய்களில், அதாவது சிறு குடியிருப்புகளில், நான் இதுவரை பார்த்ததில்லை.

ஆறு வயதுக்கு முன் எந்த உரிமை?

இதை உரிமை என்று சொல்வதற்கு முன், சட்டத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அரசமைப்பின் 45-ஆவது உறுப்பு முதலில் எழுதப்பட்டபோது 14 வயது நிறையும் வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி என்றது. அதற்குக் கீழ் வயது வரம்பு இல்லை. 1993-இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 14 வயது வரையிலான கல்வி அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தபோதும் கீழ் வரம்பு இல்லை. 2002-இல் வந்த 86-ஆவது திருத்தம் 21ஏ உறுப்பைச் சேர்த்து, 6 முதல் 14 வயது வரை என்று எல்லை போட்டது. ஆறு வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் திருத்தப்பட்ட 45-ஆவது உறுப்புக்குள் வைக்கப்பட்டார்கள். அவர்களின் பராமரிப்புக்கும் கல்விக்கும் அரசு ‘முயலும்’ என்பதுதான் இப்போது அங்கே இருக்கும் வாக்குறுதி. அது வழிகாட்டு நெறி என்பதால் நீதிமன்றத்தில் கேட்டுப் பெற இயலாது. நாடாளுமன்றம் செய்த காரியம் இது. ஆகவே இதைத் திரும்ப எழுப்ப வேண்டிய இடமும் நாடாளுமன்றம்தான்.

சிறு சிறு சட்டங்களில் நல்ல வரிகள் எழுதப்படத்தான் செய்திருக்கின்றன. ஊரக வேலை உறுதிச் சட்டம் 2005-இல் வந்தபோது, வேலையிடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேர் இருந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமித்து அவருக்கும் கூலி கொடுக்க வேண்டும் என்று எழுதினார்கள். கட்டடத் தொழிலாளர் சட்டம் 1996-இலேயே, 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகளுக்கு அறை வேண்டும் என்றது. பெங்களூரில் எங்கள் ஊர்ப் பெண்கள் வேலை செய்யும் இடங்களில் ஒரே நேரத்தில் பத்துப் பெண்கள் இருந்தால் அதிகம், அவர்களும் மூன்று மேஸ்திரிகளின் பெயரில் பிரிந்திருப்பார்கள். அந்த வரம்பு எட்டியதே இல்லை. 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் உள்ள குடியிருப்பு கேட்டால் மூன்று மாதத்துக்குள் அங்கன்வாடி தர வேண்டும் என்றது. மலைக் கொட்டாய்களில் 40 குழந்தைகளைச் சேர்க்க நான்கு ஓடைகளைத் தாண்ட வேண்டும். அங்கன்வாடி இருக்கும் இடத்திலும் கைக்குழந்தைக்கான சத்துமாவு வீட்டுக்கு வரும், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வர மாட்டார். இதில் அங்கன்வாடிப் பணியாளர் மீது எனக்குக் குறையே இல்லை. ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும் சமையல், எடை பார்த்தல், செல்பேசியில் பதிவேற்றம், தேர்தல் வேலை எல்லாம் செய்து முடித்து, பிறகு கைக்குழந்தைகளையும் மாலை வரை வைத்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. 2022-இல் பெண்களுக்கான மத்திய அரசுத் திட்டமான மிஷன் சக்தியின் கீழ் வந்த பால்னா திட்டம் 6 மாதம் முதல் 6 வயது வரையான குழந்தைகளுக்கு அங்கன்வாடியோடு இணைந்த காப்பகத்தைப் பேசுகிறது. நாடு முழுவதற்கும் 17,000 என்பது இலக்கு. அந்த 17,000-இல் எங்கள் இரண்டு மாவட்டங்களின் பங்கு என்ன என்பதே ஓர் உறுப்பினர் எழுந்து கேட்கத் தகுந்த கேள்வி.

வாச்சாத்தி சொல்லித் தந்தது

பேசி என்ன ஆகப்போகிறது என்று எங்கள் ஆசிரியர் அறையிலும் சிலர் சொன்னார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் பதில் அரூரைத் தாண்டி, சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வாச்சாத்தி என்ற பழங்குடிக் கிராமத்துக்குள் வனத்துறையினரும் போலீஸாரும் வருவாய்த் துறையினரும் நுழைந்து நடத்திய வன்முறையை இங்கே விரிக்க வேண்டியதில்லை. எல்லோருக்கும் தெரியும். பலரும் மறந்துவிடுவது ஒன்றை மட்டும் சொல்கிறேன். அன்று பிடித்துச் செல்லப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்ட 133 பேரில் 90 பேர் பெண்கள், 28 பேர் குழந்தைகள். பார்த்துக்கொள்ள வெளியே யாரும் இல்லாததால் பெண்களோடு குழந்தைகளும் சிறைக்குப் போனார்கள். அதே ஆண்டு டிசம்பரில்தான் இந்தியா குழந்தை உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையில் இணைந்தது. வேலைக்குப் போகும் பெற்றோரின் குழந்தைகளுக்குப் பராமரிப்புச் சேவை பெறும் உரிமை உண்டு என்று அதன் 18-ஆவது உறுப்பு சொல்கிறது.

நடந்ததை அரசு மறுத்தது. அப்போது மாநிலங்களவை உறுப்பினராகவும் மார்க்சிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளராகவும் இருந்த அ. நல்லசிவன் இதை அறிக்கையோடு விடவில்லை. உச்ச நீதிமன்றத்தை நாடினார், அங்கிருந்து உயர் நீதிமன்றத்துக்கு வந்தார். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்தின் அதிகாரி நேரில் வந்து விசாரித்து எழுதிய அறிக்கை மக்கள் சொன்னதை உறுதி செய்தது. 1995-இல் உயர் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023-இல் உயர் நீதிமன்ற நீதிபதி வேல்முருகன் ஊருக்கே வந்து பார்த்துவிட்டு, அதே செப்டம்பர் 29 அன்று தீர்ப்பை உறுதி செய்தார், பாலியல் வன்முறைக்கு ஆளான 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னார்.

இந்த வரலாற்றில் ஓர் அரசியல்வாதியின் பங்கு எவ்வளவு என்று அளந்து பார்க்கிறேன். சாட்சி சொன்னவர்கள் அந்தப் பெண்கள். மிரட்டலுக்கு நடுவில் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறியவர்களும் அவர்கள்தான். மலைவாழ் மக்கள் சங்கத்தார் ஊரில் உட்கார்ந்து விவரம் திரட்டினார்கள். அந்த விவரத்தை, பதில் சொல்லியே ஆக வேண்டிய ஓர் இடத்துக்குக் கொண்டுபோய் வைத்ததுதான் உறுப்பினரின் வேலை. அதை அவர் செய்தார். பேச்சு என்பது அந்த வேலையின் ஒரு பகுதி. எங்கே பேசினால் பதில் கட்டாயம், எங்கே பேசினால் குறிப்பில் மட்டும் ஏறும் என்பதை அறிந்து இடத்தைத் தேர்வதும், கையில் மறுக்க முடியாத விவரத்தோடு போவதும் மற்றப் பகுதிகள். 2015 ஏப்ரலில் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமைகளுக்கான தனிநபர் மசோதா (அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதா) மாநிலங்களவையில் நிறைவேறியபோதும் இதையே பார்த்தோம். தனிநபர் மசோதா தேறாது என்ற பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்கவில்லை. தெருவில் பல ஆண்டுகள் எழுந்த குரல் அவையில் சட்ட வாசகமாக வந்ததால், அரசு அதற்குப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

எந்தக் கேள்வி, எந்த வடிவில்?

ஆகவே அந்த மாணவியின் கேள்விக்கு என் பதிலை இப்போது விரிவாகச் சொல்ல முடியும். பூஜ்ஜிய நேரத்தில் பேசுவது கவனத்தை ஈர்க்கும், கட்டுப்படுத்தாது. மக்களவையின் 377-ஆவது விதியின் கீழ் எழுப்பினால் அமைச்சகம் உறுப்பினருக்கு எழுத்தில் பதில் அனுப்பும். நட்சத்திரக் குறியிட்ட கேள்வியாகத் தேர்வானால் அமைச்சர் அவையில் எழுந்து பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வியும் கேட்கலாம். மக்களவையில் ஒரு நாளுக்கு அப்படி 20 கேள்விகள்தான், குலுக்கலில் வர வேண்டும். வராவிட்டாலும், நட்சத்திரக் குறியில்லாத கேள்விகளின் பட்டியலில் இடம்பெற்றால் எழுத்துப்பூர்வமான பதிலாவது கிடைக்கும். பதிலில் அமைச்சர் ‘பரிசீலிப்போம்’, ‘விவரம் திரட்டித் தருவோம்’ என்று சொல்லிவிட்டால் அது உறுதிமொழியாகிவிடும். மூன்று மாதத்துக்குள் நிறைவேறியதா என்று பார்க்க அரசின் உறுதிமொழிகளுக்கான குழு இருக்கிறது. இந்த இயந்திரம் முழுவதும் மக்களுக்காக ஓடத் தயாராக இருக்கிறது. அதில் போட வேண்டிய விவரம் எங்களைப் போன்றவர்களிடம் கிடக்கிறது.

எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைப் பேசினேன். அங்கன்வாடிப் பணியாளரும் கிராமச் செவிலியரும் வந்திருந்தார்கள். யாருடைய பெயரும் இல்லாமல், பள்ளியைச் சுற்றியுள்ள கொட்டாய்களில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர், அவர்களில் தாய் வெளியூர் வேலைக்குப் போயிருப்பவர்கள் எத்தனை, பகலில் அவர்களைப் பார்த்துக்கொள்பவரின் வயது என்ன என்று எழுதத் தொடங்கியிருக்கிறோம். மூன்றாவது கேள்வியை எந்த அரசுப் படிவத்திலும் நான் கண்டதில்லை. பார்த்துக்கொள்பவரின் வயது என்ற கட்டத்தில் பத்து, பதினொன்று, பதின்மூன்று என்று எழுதும்போது செவிலியரின் கை நின்றுவிட்டது. “சார், இதுல பாதிப் பேருக்கு நான்தான் தடுப்பூசி போட்டேன்” என்றார்.

தொகுதி உறுப்பினருக்கு அனுப்பப்போகும் கடிதத்தில் நாங்கள் கேட்டிருப்பது பெரிதாக ஒன்றுமில்லை. பால்னா காப்பகங்களில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒதுக்கப்பட்டவை எத்தனை, திறந்து நடப்பவை எத்தனை? மலைப் பகுதிகளுக்கும், வெளியூர் வேலைக்குப் பெருமளவில் போகும் ஊர்களுக்கும் குழந்தை எண்ணிக்கையின் வரம்பைத் தளர்த்த அரசு எண்ணியிருக்கிறதா? தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதற்காகப் பள்ளிக்கு வராத பெண் குழந்தைகளைப் பற்றி ஏதாவது கணக்கெடுப்பு உண்டா, இல்லையென்றால் எப்போது எடுக்கப்படும்? ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையின் பராமரிப்பை நீதிமன்றத்தில் கேட்டுப் பெறத்தக்க உரிமையாக்கும் திருத்தம் பற்றி அரசின் நிலை என்ன? நான்காவது கேள்வி சட்டமாகப் பல ஆண்டுகள் பிடிக்கலாம். வாச்சாத்திக்கு 31 ஆண்டுகள் பிடித்தன. முதல் கேள்விக்கு ஒரே கூட்டத்தொடரில் பதில் வாங்கிவிடலாம்.

கேள்விக்கான அறிவிப்பை உறுப்பினர் குறைந்தது 15 நாட்களுக்கு முன்பே கொடுக்க வேண்டும் என்பதால், அடுத்த கூட்டத்தொடர் தேதி வருவதற்குள் எங்கள் பட்டியலை முடிக்க முயல்கிறோம். கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் ஆலைகளிலும் ஓசூரைச் சுற்றிப் பூப்பறிப்பிலும் செங்கல் சூளைகளிலும் வேலை செய்யும் தாய்மார்களின் குழந்தைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது அங்குள்ள ஆசிரியர்களுக்கும் செவிலியர்களுக்கும்தான் தெரியும். இதே மூன்று கட்டங்களை ஒரு தாளில் போட்டு அவர்களும் எழுத வேண்டும், எழுதியதை அவர்கள் தொகுதி உறுப்பினருக்கு அனுப்ப வேண்டும், எங்களுக்கும் ஒரு நகல் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இரண்டு தொகுதிகளிலிருந்தும் ஒரே கேள்வி ஒரே கூட்டத்தொடரில் போனால், பதில் எழுதும் அதிகாரி அந்த மாவட்டங்களைப் பற்றித் தனியாக விவரம் திரட்டியே தீர வேண்டும்.